வாரத்தில் ஒரு மணி நேரம்!

(சாமல்பட்டி வட்டார இளைஞர்கள் வாராந்திரச் சேவைக் கூட்டத்தைத் தொடங்கிய நாளில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். வாசகர்களுக்காகச் சற்றே விரித்துத் தரப்படுகிறது.)

 

சாமல்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இரயில் இல்லை. நமக்கு உண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பாதையில் நாம் இருக்கிறோம். விடிவதற்கு முன்பே நம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒருவர் ஓசூர் சிப்காட்டிற்கு, ஒருவர் பெங்களூருக்கு, ஒருவர் கிரானைட் பட்டறைக்கு, ஒருவர் மாங்காய் மண்டிக்கு. வீட்டில் உருது, வீதியில் தமிழ், வேலைக்குப் போன இடத்தில் கன்னடம் என்று மூன்று மொழியில் வாழ்கிறவர்கள் நாம். உழைப்புக்கு அஞ்சாத மக்கள். உதவிக்கும் அஞ்சாத மக்கள். நம்மிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், கடலைப் பார்த்தே அறியாத நமது ஊத்தங்கரையில் வந்து கொட்டித் தீர்த்தது. ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை! ஓராண்டு முழுவதும் இம்மாவட்டத்தில் பெய்ய வேண்டிய மழையில் பாதிக்கு மேல் 24 மணி நேரத்தில் பெய்தது. ஊத்தங்கரைப் பேருந்து நிலையத்தின் அருகே நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் தீப்பெட்டிகளைப் போல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அப்படிப்பட்ட நாளில் நம் இளைஞர்களை யாரும் அழைக்க வேண்டியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சோறு ஆக்குவார்கள், பாய் கொடுப்பார்கள், படகு இல்லாவிட்டால் தோளில் தூக்குவார்கள். தமிழகம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தைச் சூறையாடியபோதும், 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2020லும் 2021லும் கொரோனாவில் இறந்தவர்களின் உடலைத் தொடச் சொந்தப் பிள்ளைகளே அஞ்சியபோதும் முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் முன்னே நின்றார்கள். கவச உடை அணிந்து, இந்து சகோதரரை அவர் முறைப்படியும், கிறித்தவ சகோதரரை அவர் முறைப்படியும், முஸ்லிமை மார்க்க முறைப்படியும் கண்ணியமாக அனுப்பி வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்! இது வரலாறு. இதை யாராலும் அழிக்க முடியாது.

ஆனால் நான் கேட்க வந்த கேள்வி வேறு. வெள்ளம் வந்த நாளில் நாம் எங்கே இருந்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளம் வடிந்த நாற்பதாவது நாளில் எங்கே இருந்தோம்? புத்தகம் நனைந்து போன பிள்ளை, ரேஷன் கார்டு அடித்துச் செல்லப்பட்ட விதவை, தையல் மெஷின் துருப்பிடித்த குடும்பம் – இவர்களின் பெயர்கள் எழுதப்பட்ட நோட்டு எந்த ஊரில், யாரிடம் இருக்கிறது?

சோறு கொடுக்க ஒரு நாள் போதும். ஒரு குடும்பத்தை மீண்டும் நிமிர்த்தி வைக்க ஐம்பது வாரம் வேண்டும். நம்மிடம் இல்லாத ஒன்று இதுதான். துணிச்சல் உண்டு, தயாளம் உண்டு. தொடர்ச்சி இல்லை!

வாரம் கூடுவது நமக்குப் புதிதா?

வாரந்தோறும் கூட வேண்டும் என்றவுடன் சில பெரியவர்கள், இது என்ன புதுப் பழக்கம், பணக்காரர்களின் கிளப் வழக்கம் அல்லவா என்கிறார்கள். அவர்களை மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். வாரம் ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு, முதலாளியும் தொழிலாளியும் தோளோடு தோள் நின்று, ஒருவர் பேச மற்றவர் வாய் திறக்காமல் கேட்க வேண்டும் என்று 1400 ஆண்டுகளுக்கு முன்பே உலகிற்குக் கற்றுக் கொடுத்த சமுதாயம் எது? ஜும்ஆ என்பது நமக்கு வணக்கம். அதே நேரத்தில் அது ஊர் மக்கள் வாரம் ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் ஏற்பாடும் அல்லவா?

பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு கறுப்பு நிறப் பெண்மணி இருந்தார். சில நாட்களாக அவரைக் காணவில்லை. எங்கே அவர் என்று பெருமானார் விசாரித்தார்கள். இறந்துவிட்டார், இரவு நேரம் என்பதால் தங்களைச் சிரமப்படுத்த வேண்டாமென்று அடக்கிவிட்டோம் என்றார்கள் தோழர்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கபர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. சிந்தித்துப் பாருங்கள்! ஓர் அரசின் தலைவர், பள்ளியைக் கூட்டும் ஏழைப் பெண் வராததைக் கவனிக்கிறார். இன்று நம் மஹல்லாவில் மூன்று ஜும்ஆவாக ஒருவர் வரவில்லை என்றால் யார் கவனிக்கிறார்கள்? அவர் காய்ச்சலில் கிடக்கிறாரா, கடனுக்கு அஞ்சி ஒளிந்திருக்கிறாரா, ஊரை விட்டே போய்விட்டாரா? வருகைப் பதிவேடு என்பது ஆபீஸ் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். ஒருவர் காணாமல் போனால் இன்னொருவர் தேடிப் போக வேண்டும். அதற்குத்தான் அந்தப் பதிவேடு.

இன்னொன்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குறைவாக இருந்தாலும் விடாமல் தொடர்ந்து செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்பது அதன் கருத்து. ஒரு நாளில் பத்து அண்டா பிரியாணி ஆக்கிக் கொடுத்துவிட்டு பதினொரு மாதம் தூங்குவதை விட, வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு குடும்பத்தின் ஒரே ஒரு காரியத்தை முடித்து வைப்பது மேல் என்றுதானே இதற்குப் பொருள்?

மக்காவில் நடந்த ஒப்பந்தம்

பெருமானார் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைப்பதற்கு முன்பு, ஏறத்தாழ 20 வயது இளைஞராக இருந்தபோது நடந்தது இது. யமன் நாட்டின் ஸபீத் நகரிலிருந்து ஒரு வியாபாரி சரக்கோடு மக்காவிற்கு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற செல்வாக்குள்ள மனிதர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்துவிட்டார். வெளியூர்க்காரர். பின்னால் நிற்க ஆளில்லை. மலை மீது ஏறி நின்று மக்காவாசிகளைப் பார்த்து முறையிட்டார். பெருமானாரின் பெரிய தந்தையான ஸுபைர் முன்முயற்சி எடுக்க, சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடினார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் மக்காவைச் சேர்ந்தவராயினும் வெளியூராராயினும் அவருக்கு உரியது கிடைக்கும் வரை அனைவரும் ஒரே கையாக நிற்போம் என்று உறுதி எடுத்தார்கள். வியாபாரிக்கு உரியது திரும்பக் கிடைத்தது. ஹில்புல் ஃபுளூல் என்று வரலாறு அதைப் போற்றுகிறது.

அந்தக் கூட்டத்தில் இளைஞர் முஹம்மது (ஸல்) அவர்களும் இருந்தார்கள். நபித்துவத்திற்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தை மகிழ்வோடு நினைவுகூர்ந்து, இஸ்லாம் வந்த பின்னும் அப்படியொரு காரியத்திற்கு அழைக்கப்பட்டால் பதிலளிப்பேன் என்ற கருத்தில் கூறினார்கள். கவனியுங்கள்! அந்த வீட்டில் கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கூட்டப்பட்ட காரணமும் ஒரு குலத்தின் நலன் அல்ல. பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர். நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் துணை நிற்குமாறு திருக்குர்ஆன் (5:2) கட்டளையிடுகிறது. நமது சேவைக் கூட்டத்தின் கதவில் மதப் பலகை மாட்ட நமக்கு அனுமதி இல்லை, சகோதரர்களே!

சிகாகோவில் நால்வர்

இனி நம் காலத்துக்கு வருவோம். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23. அமெரிக்காவின் சிகாகோ நகரம். பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர் ஆகிய நால்வர் ஓர் அலுவலக அறையில் கூடினார்கள். பெருநகரில் தனித்துப் போனவர்களுக்கு நட்பு வேண்டும், ஒருவர் தொழிலுக்கு ஒருவர் உதவ வேண்டும் என்பதுதான் தொடக்க நோக்கம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உறுப்பினரின் இடத்தில் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. தங்களுக்குள் உதவிக்கொள்வதற்கு மட்டும் ஒரு சங்கம் நீடிக்காது என்பதை விரைவிலேயே உணர்ந்தார்கள். 1907இல் அவர்கள் கையில் எடுத்த முதல் பொதுப்பணி என்ன தெரியுமா? சிகாகோ நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்கப் போராடியது! சிலை அல்ல, வளைவு அல்ல, கழிப்பிடம்.

இந்த அமைப்பு 1920இல் கல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் வேரூன்றியது. இன்று உலகில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். 1917இல் தோன்றிய லயன்ஸ் சங்கமும் ஏறக்குறைய இதே வழியில் வளர்ந்ததுதான். தமிழ்நாட்டில் சிறு நகரங்களில்கூட இவ்விரு சங்கங்களின் கண் சிகிச்சை முகாம் பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

இவர்கள் செய்ததில் மிகப் பெரியது போலியோ ஒழிப்பு. 1985இல் உலகக் குழந்தைகள் அனைவருக்கும் சொட்டு மருந்து என்று இறங்கினார்கள். 1988இல் உலக சுகாதார நிறுவனமும் நாடுகளும் சேர்ந்தபோது, ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்தார்கள். 2009இல் கூட இந்தியாவில் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அது அந்த ஆண்டின் உலக மொத்தத்தில் ஏறத்தாழ பாதி.

இதில் நம் சமுதாயத்திற்கு ஒரு பாடம் இருக்கிறது. மேற்கு உத்தரப் பிரதேசத்தின் முஸ்லிம் குடியிருப்புகளில், சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளைப் பேறு இல்லாமல் போகும் என்று வதந்தி பரவியது. கதவுகள் மூடப்பட்டன. டாக்டர்கள் சொல்லியும் திறக்கவில்லை, அதிகாரிகள் மிரட்டியும் திறக்கவில்லை. பிறகு உலமாக்களை நாடினார்கள். உலமாக்களைக் கொண்ட குழுவை ரோட்டரி அங்கே அமைத்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியாவும் யுனிசெப்போடு கைகோத்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. இமாம்கள் தங்கள் கையாலேயே குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து ஊற்றினார்கள். கதவுகள் திறந்தன! 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு. 2014 மார்ச் 27இல் இந்தியா போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. பணமும் மருந்தும் ஆட்களும் இருந்தும் முடியாததை மஹல்லாவின் நம்பிக்கை முடித்து வைத்தது. அந்த நம்பிக்கை நம் கையில் இருக்கும் மூலதனம். அதை எத்தனை காரியத்திற்குப் பயன்படுத்துகிறோம்?

குறையும் உண்டு

அப்படியானால் அந்தச் சங்கங்களில் போய்ச் சேரச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. அவற்றைப் பற்றி அரபு நாட்டு உலமாக்கள் பலர், ப்ரீமேசன் இயக்கத்தோடு தொடர்பு உண்டோ என்று ஐயம் தெரிவித்து விலகி இருக்கச் சொன்னதும் உண்டு. அந்த விவாதத்தை ஆலிம்களிடம் விட்டு விடுகிறேன். எளிய மனிதனின் கண்ணுக்கே தெரியும் குறைகளும் உண்டு. ஓட்டலில் கூட்டம், ஆங்கிலத்தில் பேச்சு, கோட்டில் பட்டன், சந்தாவும் விருந்துச் செலவும். தினக்கூலிக்குப் போகிறவர் அந்த நாற்காலியில் உட்கார முடியுமா? பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதற்கான தடையை 84 ஆண்டுகள் கழித்து, 1989இல்தான் ரோட்டரி தன் விதிகளிலிருந்து முழுமையாக நீக்கியது. அதுவும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்த பிறகுதான்.

ஆனால் ஞானம் எங்கிருந்தாலும் அதை எடுத்துக்கொள்ளத் தயங்காத மரபு நம்முடையது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, குறித்த நாள், குறித்த நேரம். மழையானாலும் வெயிலானாலும் கூட்டம் உண்டு. பல பத்தாண்டுகள் வாரக் கூட்டத்தைக் கட்டாயமாக வைத்திருந்து, 2016இல்தான் மாதம் இருமுறையாவது என்று தளர்த்தினார்கள்.

இரண்டாவது, தலைவர் ஓராண்டுக்குத்தான். ஜூலை 1இல் பொறுப்பேற்பவர் அடுத்த ஜூன் 30இல் இறங்கிவிட வேண்டும். எவ்வளவு திறமைசாலியானாலும் இறங்க வேண்டும். இறங்கியவர் கோபித்துக்கொண்டு தனிச் சங்கம் தொடங்குவதில்லை. பின் வரிசையில் அமர்ந்து வேலை செய்கிறார். நம் ஊர்களில் என்ன நடக்கிறது? தலைவர் நாற்காலியில் அமர்ந்தவரை ஜனாஸா வந்துதான் எழுப்புகிறது! மீறி மாற்றினால் மறுநாளே ஊர் இரண்டு ஜமாஅத்தாகிறது. மனம் புண்பட வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, எழுத்து. என்ன முடிவு செய்தோம், யார் பொறுப்பு, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதெல்லாம் எழுதப்படுகின்றன. அடுத்த வாரம் வாசிக்கப்படுகின்றன. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை மறந்து, பைத்துல்மால் கணக்கைச் சட்டைப் பையில் துண்டுச் சீட்டாக வைத்திருக்கிறோமே, இது நியாயமா?

எப்படிக் கூடுவது?

சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை செய்கிறவர்கள் அப்போதுதான் ஊரில் இருப்பார்கள். பள்ளிவாசல் வளாகத்தில் கூட முடிந்தால் நல்லது. பிற சமயச் சகோதரர்களும் தயக்கமின்றி வருவதற்கு ஒரு வீட்டுத் திண்ணையோ பள்ளிக்கூட அறையோ இன்னும் நல்லது. தேநீர் போதும்.

மூன்று நோட்டுகள் வாங்குங்கள். வருகை நோட்டு, முடிவு நோட்டு, கணக்கு நோட்டு. முதல் பத்து நிமிடம் சென்ற வார முடிவுகள்: எது நடந்தது, எது நடக்கவில்லை. அடுத்த பத்து நிமிடம் கணக்கு. அடுத்த அரை மணி நேரம் வந்திருக்கும் கோரிக்கைகள். கடைசிப் பத்து நிமிடம் யார் எதைச் செய்வது. பொறுப்பு என்றால் அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். நாமெல்லாம் பார்த்துக்கொள்வோம் என்று எழுதப்பட்ட முடிவு எதுவும் எந்த ஊரிலும் நடந்ததில்லை.

பணத்தில் மிகுந்த கவனம் தேவை. ஜகாத் பணம் வேறு, ஸதகா பணம் வேறு, பொது நன்கொடை வேறு. ஜகாத் யாருக்கு உரியது என்று எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் (9:60) வரையறுத்துவிட்டது. அதை எடுத்து பேனர் அடிக்கவோ மேடை போடவோ நமக்கு உரிமை இல்லை. பெற்ற ஜகாத்தை ஆலிம்களிடம் கேட்டு உரியவர் கையில் சேர்க்க வேண்டும். மற்ற செலவுகளுக்கு மற்ற நிதி. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்து, சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தனி ஒருவர் கணக்கில் ஊர்ப் பணம் போனால், அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும், ஒருநாள் அவருக்கே அது அவப்பெயராக முடியும்.

இன்னும் ஒன்று. உதவி பெறுகிறவரைப் புகைப்படம் எடுக்காதீர்கள்! வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத அளவுக்கு மறைத்துக் கொடுப்பவரைப் புகழ்ந்த மார்க்கம் நம்முடையது. ஐந்து கிலோ அரிசிப் பையைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு தாயைத் தலை குனிய வைத்து எடுக்கும் படம் யாருடைய கண்ணியத்தைக் காட்டுகிறது? அந்தத் தாயின் மகன் நாளை பள்ளியில் அந்தப் படத்தோடு நிற்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். மேசை, நாற்காலி, மருந்துப் பெட்டி, நட்ட மரம் – இவற்றைப் படம் எடுங்கள். மனிதரை வேண்டாம்.

என்ன செய்வது?

பெரிய திட்டம் வேண்டாம். நம்மால் விடாமல் செய்ய முடிந்த நான்கு போதும்.

ஒன்று, இரத்தக் கொடையாளர் பட்டியல். காசுக்கு இரத்தம் விற்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எனவே கொடையாளர்தான் ஒரே வழி. 18 வயது முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள நலமான எவரும் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிரிவும் கடைசியாகக் கொடுத்த தேதியும் இருக்க வேண்டும். நள்ளிரவில் பிரசவ வார்டிலிருந்து அழைப்பு வரும்போது ஐம்பது பேருக்குச் செய்தி அனுப்பி ஐம்பது பேரும் மற்றவர் போவார் என்று படுத்துவிடும் நிலை, இந்தத் தேதி நோட்டு இருந்தால் வராது. இன்று யார் முறை என்று நோட்டே சொல்லிவிடும்.

இரண்டு, சாலை விபத்து. நம் மாவட்டத்தின் வழியே நாட்டின் பரபரப்பான நெடுஞ்சாலைகள் போகின்றன. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயம் தேவையில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுவோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டுவிட்டது. உதவியவர் விரும்பாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, வரையறுத்த தொகை வரை, அரசே ஏற்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும். ஓசூர் எல்லையில் வாழும் நமக்கு இது எவ்வளவு முக்கியம்! 108க்கு அழைப்பது, இரத்தப் போக்கை அழுத்தி நிறுத்துவது, கழுத்தை அசைக்காமல் தூக்குவது – இவற்றை அரசு மருத்துவமனை மருத்துவர்களை அழைத்துப் பயிற்சியாகப் பெறுங்கள். போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கேட்டால் சொல்லித் தருவார்கள்.

மூன்று, மனு எழுதும் மேசை. இதுதான் நம் மக்களுக்கு மிகவும் தேவை. திட்டம் இருக்கிறது, தகுதி இருக்கிறது, விண்ணப்பம்தான் இல்லை! அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சென்ற மாணவிக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவி என்று வந்தபோது எத்தனை குடும்பங்களுக்குத் தெரிந்தது? விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் உதவ மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் ஆட்சித் தலைவர் தலைமையில் இயங்குகிறது. திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் தருகிறது. உலமாக்கள், மோதினார்கள் போன்றோருக்கு 2009 முதல் நல வாரியம் இருக்கிறது. நம் இமாம் அதில் உறுப்பினரா என்று எத்தனை ஊர் நிர்வாகம் கேட்டிருக்கிறது? இரண்டு பட்டதாரிகள், ஒரு மேசை, வாரம் ஒரு மணி நேரம். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம் என்று வருகிற எல்லோருக்கும், எந்த மதத்தவராயினும், எழுதிக் கொடுங்கள். ஐந்து பைசா வாங்காதீர்கள்.

நான்கு, மழைக்கு முன் தயாராவது. 2024 டிசம்பர் கற்றுத் தந்த பாடம், மழை வந்த பின் ஓடுவதை விட மழைக்கு முன் நடப்பது மேல் என்பதே. ஐப்பசிக்கு முன்பாக ஏரிக் கரைகளையும் நீர் வரும் ஓடைகளையும் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது, எங்கே கரை பலவீனம், தாழ்வான வீடுகளில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார்கள், கர்ப்பிணி யார் என்று எழுதி வையுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இது அரசியல் இல்லையா?

சேவை போதும், அரசியல் எதற்கு என்பார் சிலர். அரசியல் இயக்கத்திற்குச் சேவை எதற்கு என்பார் வேறு சிலர். இரண்டும் ஒரே கையின் இரண்டு பக்கங்கள் என்பதே என் கருத்து. மனு மேசையில் ஆறு மாதம் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும், இந்த ஊரில் முப்பது பேருக்குச் சான்றிதழ் தாமதமாகிறது என்று. முப்பது பேர் தனித்தனியே புலம்பினால் அது விதி. நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் அது கோரிக்கை! திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேள்வி கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். இந்த மூன்று கதவுகளையும் தட்ட, கையில் ஆதாரம் வேண்டும். கோஷத்தால் திறக்காத கதவு கணக்கால் திறக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உதவி கேட்டு வந்தவரிடம் வாக்கு கேட்காதீர்கள். எந்த இயக்கம், எந்த ஜமாஅத், எந்தப் பிரிவு என்றும் கேட்காதீர்கள். கேட்ட அந்த நொடியில் சேவை வியாபாரமாகிவிடும். ஒரே ஊரில் மூன்று இயக்கத்தின் மூன்று இரத்ததான முகாம் ஒரே வாரத்தில் நடப்பதும், அடுத்த மூன்று மாதம் ஒன்றும் இல்லாமல் போவதும் அல்லாஹ்வுக்காகச் செய்வதா, அடுத்தவருக்குக் காட்டச் செய்வதா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். முறை வைத்துப் பிரித்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் முகாம் நடக்குமே!

பெண்களையும் சேருங்கள். மனு மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்களாகத்தான் இருப்பார்கள். அவர்களின் துயரத்தை ஆண்களிடம் எப்படிச் சொல்வார்கள்? மதீனாவில் பெருமானாரின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்துக் காயம்பட்டோருக்கு மருந்திட்ட ருஃபைதா (ரலி) அவர்களின் வழிவந்த சமுதாயம் நாம். நம் பட்டதாரி மகள்கள் வீட்டில் சும்மா இருக்க, மனு எழுத ஆளில்லை என்று சொல்வது வெட்கம் அல்லவா? அவர்களுக்கென்று தனி நேரமும் பாதுகாப்பான இடமும் ஏற்படுத்திக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

அன்பு வாசகர்களே! இது சாமல்பட்டிக்கு மட்டும் சொன்னதல்ல. நீங்கள் படிக்கிற ஊர் மத்தூராக இருக்கலாம், பர்கூராக இருக்கலாம், காவேரிப்பட்டணமாக இருக்கலாம், கடல் தாண்டிய கூலி அறையாகக்கூட இருக்கலாம். ஏழு பேர் இருந்தால் போதும். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். நான்காம் வாரம் பாதிப் பேர் வருவார்கள். பத்தாம் வாரம் மூன்று பேர் வருவார்கள். அந்த மூன்று பேர் நோட்டைத் திறந்து உட்கார்ந்தால், அதுதான் உங்கள் ஊரின் சேவைச் சங்கம். அந்த வாரம் கூட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். போனவர்கள் திரும்பி வருவார்கள். வராவிட்டாலும் ஒரு விதவையின் மனு எழுதப்பட்டிருக்கும்.

நாம் சேர்த்து வைக்கும் நேரத்திற்கும் கணக்கு உண்டு என்பதை நம்புகிறவர்கள் நாம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் தந்த இறைவனின் படைப்புகளுக்காக அதில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா? வருகிற சனிக்கிழமையே உட்காருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, சிறிய செயலையும் விடாமல் செய்யும் உறுதியைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.